எங்க அத்தை தெருவுல நிக்கல: வாய்மொழிப் பதிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தோட்டத்து வாய்மொழிப் பதிவுக் குழு தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், மத்த பொறுப்பாளர்களுக்கும்,

புத்தகத்துல சில வார்த்தைங்க தப்பா வந்திருக்கு, மாத்துங்கன்னு நான் கேட்டதுக்கு போன வாரம் செயலாளர் அம்மா வாட்சாப்ல அனுப்பின பதில படிச்சேன். நம்ம தோட்டத்து ஆளுங்க தமிழ்ல பேசினத பதிவு பண்ணி, இங்கிலீஷ்ல எழுதி, அதுலேர்ந்து ஜெர்மன்ல போட்ட புத்தகத்தோட ரெண்டாவது பதிப்பு அப்படியே போகுது, எதையும் மாத்தப் போறதில்ல, இங்கிலீஷ்ல என்ன இருந்துச்சோ அதத்தான் அந்த ஜெர்மன் குழு போட்டிருக்காங்க, சின்னச் சின்ன வார்த்தைக்கெல்லாம் வேலைய நிறுத்தி வைக்க முடியாதுன்னு எழுதியிருந்தீங்க. குழுவுல எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னும் சொன்னீங்க. அந்த முடிவ என்னால வாயமூடி ஏத்துக்க முடியல. அதான் போன்ல தனியா பேசாம மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்ல இருக்கற எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன். அந்தப் புத்தகத்துல பேசினவங்க பாதிப் பேரு இன்னும் இந்த ஊர்லதான் இருக்காங்க, அவங்க புள்ளைங்களுக்கும் விஷயம் தெரியணும்.

எனக்கு எப்படி ஜெர்மன் தெரியும்னு கேக்கறவங்களுக்கு சொல்லிடறேன். பினாங்குல பாயான் லெப்பாஸ்ல ஒரு ஜெர்மன் கம்பெனி ஃபாக்டரில பதினெட்டு வருஷம் வேலை செஞ்சேன், நடுவுல ரெண்டு வருஷம் ட்ரெயினிங்னு ஜெர்மனிக்கே அனுப்பினாங்க. அங்க ரூம் குடுத்த பாட்டி இங்கிலீஷே பேச மாட்டாங்க, அவங்ககிட்டதான் பேசிப் பேசிக் கத்துக்கிட்டேன். பெரிய பண்டிதர் இல்ல நான். ஆனா ஒரு ஜெர்மன்காரர் ஒரு பக்கத்த படிச்சா அவரு மனசுல என்ன படம் வரும்னு எனக்குத் தெரியும். அந்தப் படம்தான் இப்ப பிரச்சினை.

புத்தகம் வந்த அன்னைக்கு அத்தை குளிச்சிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்து முன்னால உக்காந்தாங்க. எங்க அப்பாவோட அக்கா அவங்க, என்னை வளத்தவங்க. எழுவத்தஞ்சு வயசு. தன்னோட போட்டோ இருக்கற பக்கத்த கைல தடவிப் பாத்துட்டு, "என்னா போட்டிருக்கான் வெள்ளைக்காரன், படி"ன்னாங்க. நான் மொத ரெண்டு வரிய மனசுக்குள்ள படிச்சேன், அப்புறம் வாய தொறக்க முடியல. பிரிண்டு சின்னதா இருக்கு, கண்ணாடி போட்டுக்கிட்டு நாளைக்குப் படிக்கறேன்னு சொல்லிட்டேன். அத்தைகிட்ட நான் பொய் சொன்னது ரொம்பக் கம்மி. இது அதுல ஒண்ணு.

பதிவு பண்ணின ராத்திரில அத்தை சொன்னது இதான்: "நாங்க வீடு வாசல் இல்லாம நின்னோம்." நான்தான் பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ்ல எழுதினேன். ஹோம்லெஸ்னு எழுதினேன். இங்கிலீஷ்ல வேற என்ன எழுதறது, அந்த ஒரு வார்த்தைதான் கைக்கு வந்துச்சு. இதுல என் பங்கு இருக்கு, நான் மறுக்கல. அந்த ஹோம்லெஸ்ஸ ஜெர்மன்ல ஒப்டாக்லோஸ்னு போட்டுட்டாங்க. ஒப்டாக்னா தலைக்கு மேல ஒரு மறைப்பு, லோஸ்னா இல்லாதது. அந்த வார்த்தைய கேட்டதும் ஜெர்மன்காரங்க கண்ணுக்கு வர்றது ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல, பாலத்துக்கு அடியில ஸ்லீப்பிங் பேக்ல சுருண்டு படுத்திருக்கற ஆளு, பக்கத்துல ஒரு நாயி, ஒரு பேப்பர் கப்பு. எங்க அத்தை போட்டோவுக்குக் கீழ அந்த வார்த்தை இருக்கு.

அவங்க மொழில வேற வார்த்தை இல்லாம இப்படிப் போடல. வோனுங்ஸ்லோஸ்னு ஒண்ணு இருக்கு, சொந்தமா வாடகைக்கோ உரிமையாவோ குடியிருக்க ஒரு இடம் இல்லாதவங்கன்னு அர்த்தம். அந்த ஆளு சொந்தக்காரங்க வீட்டு ஹால்ல படுத்திருக்கலாம், அரசாங்கம் குடுத்த தற்காலிக இடத்துல இருக்கலாம். தெருவுல படுக்கறவங்களும் இதுக்குள்ள வருவாங்க, ஆனா இதுக்குள்ள வர்ற எல்லாரும் தெருவுல படுக்கறவங்க இல்ல. ஜெர்மனி அரசாங்கமே இத பிரிச்சுப் பிரிச்சுதான் எண்ணுது. 2022லேர்ந்து வருஷா வருஷம் ஜனவரி 31ஆம் தேதி கணக்கு எடுக்கறாங்க, 2024ல தங்குமிடங்கள்ல மட்டும் சுமார் 439,500 பேரு. 2022ல தனியா ஒரு ஆய்வு பண்ணப்ப தெருவுல இருந்தவங்க சுமார் 37,400, வீடில்லாம நண்பர்கள் சொந்தக்காரங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு இருந்தவங்க சுமார் 49,300. இந்தக் கடைசி கூட்டத்துக்கு ஃபெர்டெக்ட் வோனுங்ஸ்லோஸ்னு பேரு, வெளில தெரியாம வீடில்லாதவங்க. தெருவுல இருந்தவங்கள விட இவங்கதான் அதிகம். அத்தை சொன்ன கதைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு வார்த்தை அவங்ககிட்டயே இருந்திருக்கு. யாரும் அத எடுக்கல, ஏன்னா வீட்ட விட்டு வந்த பின்னாடி எங்க இருந்தீங்கன்னு யாரும் திரும்பக் கேக்கல.

எங்க இருந்தாங்கன்னு நான் சொல்றேன்.

1968ல கல்யாணம் ஆகி அத்தை அந்த லயத்து வீட்டுக்கு, தோட்டத்துக் கம்பெனி வேலையாளுங்களுக்குக் குடுத்த வரிசை வீட்டுக்கு, வந்தாங்க. 2009ல தோட்டத்த வித்துட்டாங்க, வாங்கினவங்க வீடமைப்பு கம்பெனி. தண்ணிய மொதல்ல நிறுத்தினாங்க, அப்புறம் லைட்டு. பால்மரத்த, அதான் ரப்பர் மரத்த, வெட்டிச் சாய்ச்சுக்கிட்டே வந்தாங்க, கடைசி மாசம் பின்கட்டுலேர்ந்து பாத்தா ரோடு வரைக்கும் தெரியும், அதுவரைக்கும் அந்த வீட்டுலேர்ந்து ரோட்ட யாரும் பாத்ததில்ல. லாரி வந்த அன்னைக்கு அத்தை அம்மியையும் கோலமாவு டின்னையும் மடில வச்சுக்கிட்டு முன்னால உக்காந்தாங்க. மீதி சாமான்ல பாதி எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

போன இடம் சம்பந்தி வீடு. மக வாக்கப்பட்ட வீடு. தாமான்ல, அதாவது வீடமைப்புக் குடியிருப்புல, மூணு ரூம் வீடு, அவங்க அஞ்சு பேரு, அத்தையும் மாமாவும் சேர்ந்து ஏழு. பதினாலு மாசம். நல்ல மனுஷங்க, ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல, அத அத்தை இன்னும் கையெடுத்துக் கும்பிட்டு சொல்லுவாங்க. ஆனா நம்ம ஆளுங்களுக்கு நான் விளக்கணுமா, பொண்ணு குடுத்த வீட்டுல போய் தங்கறதுன்னா என்னன்னு. சம்பந்தி வீட்டுல ஒரு வேளை சாப்பிடவே சங்கடப்படற ஆளு அத்தை. விடியக்காலைல தோட்டத்துல ஆளெடுக்கற பெரட்டுக்குப் போயிப் போயி காலைல நாலரைக்கு எந்திரிச்ச உடம்பு, அங்கயும் நாலரைக்கு முழிப்பு வந்துடும், எந்திரிச்சு என்ன செய்யறது, அடுத்தவங்க வாசல்ல தண்ணி தெளிக்க முடியுமா, கோலம் போட முடியுமா. அந்த வீட்டுக்காரம்மா போடணும் அத. இருட்டுல ஹால்ல உக்காந்துக்கிட்டு விடியற வரைக்கும் காத்திருப்பாங்க. டின்ன பதினாலு மாசமும் தொறக்கல, மாவு கட்டி பிடிச்சுப் போச்சு. வீடு வாசல்னு அத்தை சொன்னாங்களே, அதுல அந்த வாசல் இதான்.

மாமா அங்கதான் போய் சேந்தாரு. எட்டாவது மாசம். சம்பந்தி வீட்டு வாசல்லேர்ந்துதான் எடுத்தோம். முப்பத்தாறு வருஷம் அதே தோட்டத்துல பால் வெட்டின மனுஷன், அவரு சாவு எடுக்க ஒரு சொந்த வாசல் இல்லாம போச்சேன்னு அத்தை அழுததுதான் பதிவுல அந்த ரெண்டாவது ராத்திரி நீங்க கேட்ட அழுகை. புத்தகத்துல அது எப்படி வந்திருக்கு தெரியுமா: அந்தத் தம்பதி ஒப்டாக்லோஸா இருந்தப்ப கணவர் இறந்துட்டாராம். ஜெர்மன்ல படிக்கறவங்க மாமா ரோட்டோரமா அனாதையா செத்தாருன்னுதான் நினைப்பாங்க. அவரு தலைமாட்டுல மக இருந்தா, மருமகன் இருந்தாரு, சம்பந்தி தண்ணி ஊத்தினாரு. அந்தக் குடும்பம் செஞ்ச உபகாரம் அத்தனையும் ஒரே ஒரு வார்த்தையில அழிஞ்சு போச்சு. அவங்க பேரையும் சேர்த்துதான் நான் இங்க பேசறேன்.

அடுத்தது ஸ்குவாட்டர். நோட்டீஸ் குடுத்த தேதிக்கு அப்புறமும் ஏழு மாசம் எங்க ஆளுங்க வீட்ட விடல, நஷ்டஈடு பேசி முடியல. அப்ப வந்த கடிதத்துல எல்லாம் எங்கள செத்திங்கான்னு எழுதினாங்க. ஸ்குவாட்டிங்ங்கற இங்கிலீஷ்லேர்ந்து வந்த மலாய் வார்த்தைதான் அது, அடுத்தவங்க இடத்துல அனுமதி இல்லாம குடியிருக்கறவங்கன்னு அர்த்தம். நாப்பத்தொரு வருஷம் இருந்த வீட்டுல ஒரே ராத்திரில செத்திங்கான். அத்தை அத ஒரு வசவு மாதிரிதான் பதிவுல சொன்னாங்க, "எங்கள செத்திங்கான்னுட்டான் பாத்தியா"ன்னு. ஜெர்மன்ல அத ஹவுஸ்பெசெட்சர்னு போட்டிருக்காங்க. அந்த ஊர்ல அந்த வார்த்தைக்கு ஒரு பெரிய கதை இருக்கு. 1980, 81 வாக்குல மேற்கு பெர்லின்ல சும்மா பூட்டிக் கிடந்த நூத்துக்கும் மேற்பட்ட கட்டடத்துல எளவட்டப் பசங்க பூந்து குடியேறிட்டாங்க, வாடகை ஏத்தறவங்களயும் வீட்ட காலியா போட்டு வைக்கறவங்களயும் எதிர்த்து. ஹாம்பர்க்ல துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு தெருவுல வருஷக்கணக்கா போலீசோட மல்லுக்கட்டு. அவங்க நியாயம் அவங்களுக்கு, நான் அத தப்பு சொல்லல. ஆனா ஹவுஸ்பெசெட்சர்னா அடுத்தவங்க காலி வீட்டுல தெரிஞ்சே போய் உக்காந்தவங்க. அத்தை யாரு வீட்டுலயும் போய் உக்காரல. கம்பெனி குடுத்த வீட்டுல கம்பெனி வேலைக்காக இருந்தாங்க.

அதுக்கும் ஜெர்மன்ல வார்த்தை இருக்கு. வெர்க்ஸ்வோனுங். வேலையோட சேர்ந்து வர்ற வீடு, வேலை போனா வீட்டுக்கும் ஆபத்து. அவங்க சிவில் சட்டத்துல 576ஆவது பிரிவுலேர்ந்து இந்த மாதிரி வீட்டுக்குன்னே தனி விதி எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஊர்லயும் தொழிலாளர் வீட்டுக்கு என்னென்ன வசதி இருக்கணும்னு 1990ல சட்டம் போட்டாங்க, வீடு எப்படி இருக்கணும்னு அதுல இருக்கு, வீடு யாருக்குன்னு கேட்டா பதில் இல்ல. ஜெர்மனில ரூர் பக்கம் நிலக்கரிச் சுரங்க வேலையாளுங்களுக்கு கம்பெனிங்க வரிசை வரிசையா வீடு கட்டிக் குடுத்துச்சு, அத கொலொனின்னுதான் கூப்பிடுவாங்க, வரிசை வீடு, பின்னால கொஞ்சம் தோட்டம், கோழி, புறா. நான் ட்ரெயினிங் போனப்ப ஒரு ஞாயித்துக்கிழமை ஓபர்ஹவுசன்ல ஐசன்ஹைம்ங்கற குடியிருப்ப போய் பாத்தேன். 1846ல ஆரம்பிச்சது. 1970கள்ல அத இடிக்கப் பாத்தப்ப குடியிருந்தவங்களே ஒண்ணு சேர்ந்து நின்னு காப்பாத்திட்டாங்க, இன்னைக்கும் ஜனங்க அதுல குடியிருக்காங்க. அந்த வீட்டு வரிசைக்கு நடுவுல நின்னப்ப எனக்கு எங்க லயம்தான் ஞாபகம் வந்துச்சு, துணி காயப் போட்டிருந்த கொடி கூட அதே மாதிரி. வெர்க்ஸ்வோனுங்லேர்ந்து வெளியேத்திட்டாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா ரூர்ல இருக்கற ஒரு சுரங்கக்காரரோட பேத்திக்கு எங்க அத்தை கதை உடனே புரிஞ்சிருக்கும், தன் பாட்டி கதை மாதிரி. ஹவுஸ்பெசெட்சர்னு எழுதினதால எங்கள நோட்டீசுல திட்டினவங்க வார்த்தைதான் ஜெர்மனி வரைக்கும் போய் நிக்குது.

ஹைம்னு ஒரு தப்பு. "நாப்பத்தொரு வருஷம் அது என் வீடு"ன்னு அத்தை சொன்னதுக்கு நான் ஹோம்னு எழுதினேன். அவங்க அத ஹைம்லன்னு போட்டுட்டாங்க. கேக்க ரெண்டும் ஒரே மாதிரி, அண்ணன் தம்பி வார்த்தைங்கதான். ஆனா இன்னைக்கு ஒருத்தர் ஹைம்ல இருந்தார்னு சொன்னா முதியோர் இல்லம், அனாதை இல்லம், அகதிங்கள வச்சிருக்கற விடுதின்னுதான் புரிஞ்சுக்குவாங்க. அத்தை நாப்பத்தொரு வருஷம் ஏதோ இல்லத்துல அடைபட்டுக் கிடந்த மாதிரி ஆயிடுச்சு. தன் சொந்த வீடுங்கற அர்த்தத்துல ட்சூஹவுசன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது.

இத விட எனக்கு நெஞ்சுல குத்தினது பக்கத்துல இருக்கற தாத்தா பக்கம். அவரு பேர நான் எழுதல, உங்களுக்குத் தெரியும். அவரோட தம்பி இங்க பொறந்தவரு, ஆனா சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை. 1968ல குடியுரிமை இல்லாதவங்க பெர்மிட் எடுத்தாதான் வேலைன்னு சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல தோட்டத்து ஆளுங்க இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாங்க, இவரும் ஏறினாரு. தாத்தா பதிவுல சொன்னது, "தம்பி ஊருக்குப் போயிட்டான்." நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்லுவாங்க, போற இடத்துல தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லாட்டியும் அது பேரு ஊருதான். இங்கிலீஷ்ல வெண்ட் ஹோம். ஜெர்மன்ல தன் ஹைமாட்டுக்குத் திரும்பிட்டார்னு வந்திருக்கு. ஹைமாட்னா பொறந்து வளந்த மண்ணு. அவரு பொறந்த மண்ணு இது, சுங்கை சிப்புட்லேர்ந்து ஆறு மைல்ல. திரும்பல, அனுப்பப்பட்டாரு. இதே ஜெர்மனில யுத்தம் முடிஞ்சு திரும்பிப் போக நாடில்லாம நின்னவங்களுக்காக 1951ல ஒரு சட்டம் போட்டாங்க, அந்தச் சட்டத்து பேருலயே ஹைமாட்லோஸ்ங்கற வார்த்தை இருக்கு. மண்ண இழக்கறதுன்னா என்னன்னு அந்த மொழிக்கு நல்லாவே தெரியும். நாமதான் சரியா சொல்லி அனுப்பல.

இப்ப குடும்பம். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல ஆண்ட்டி ஒண்ணுதான். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமா எல்லாம் அங்கிள். அங்கேர்ந்து ஜெர்மன்ல டான்ட, ஓங்கெல். புத்தகத்துல அத்தை பக்கத்துலயே மூணு ஓங்கெல் வர்றாங்க, எந்த ஓங்கெல் எந்த ஓங்கெல்னு எனக்கே புரியல, நான் அந்தக் குடும்பத்துல பொறந்தவ. சம்பந்திய சொந்தக்காரங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அப்புறம் அந்த பதினாலு மாசத்து சங்கடம் எப்படிப் புரியும்? சொந்தக்காரங்க வீட்டுல இருந்தாங்க, சரி, அதுக்கு எதுக்கு அழுகைன்னுதானே கேப்பாங்க. மகளோட மாமனார் மாமியார் வீடுன்னு நீட்டி எழுதினா என்ன குறைஞ்சு போகும்? ஒரு வரி கூட ஆகும், அவ்வளவுதான்.

எனக்கு ரூம் குடுத்த பாட்டி ஒரு நாள் சொன்னாங்க, அவங்க மொழிலயும் முன்ன இது தனித்தனியாத்தான் இருந்துச்சாம். நான் அப்புறம் தேடிப் படிச்சேன், உண்மைதான். அம்மாவோட அண்ணன் தம்பி ஓஹைம், அப்பாவோட அண்ணன் தம்பி ஃபெட்டர், அம்மாவோட அக்கா தங்கச்சி மூமெ, அப்பாவோட அக்கா தங்கச்சி பாஸெ. அப்படியே நம்ம தாய்மாமன், பெரியப்பா சித்தப்பா, பெரியம்மா சித்தி, அத்தை. பிரெஞ்சு மோகத்துல ஓங்கெல், டான்ட உள்ள வந்து இதெல்லாம் பின்னால போயிடுச்சு, ஃபெட்டருக்கு இப்ப அர்த்தமே மாறிப் போச்சு. பழைய வார்த்தைய போடுங்கன்னு நான் கேக்கல, இன்னைக்கு யாருக்கும் புரியாது. ஆனா அத்தைங்கற வார்த்தைய அத்தைன்னே விட்டுட்டு, மொத தடவை வர்றப்ப அப்பாவோட அக்கான்னு ஒரு விளக்கம் குடுத்தா படிக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க.

கடைசியா என்னைப் பத்தி இருக்கற ஒரு வரி. மூணாவது ராத்திரி நான் வர முடியல, காலேஜ் படிக்கற ஒரு தம்பிய அனுப்பினீங்க, அந்த தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அத்தை சொன்னது, "அப்பன் இல்லாத புள்ள, நான்தான் வளத்தேன்." தம்பி ஆர்ஃபன்னு எழுதிட்டாரு. ஜெர்மன்ல வைஸ. அதோட விடாம, அத்தை என்னைத் தத்து எடுத்ததாவும் எழுதியிருக்காங்க. எங்க அப்பா எனக்கு ஏழு வயசுல தவறிட்டாரு. எங்க அம்மா பாயான் லெப்பாஸ் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனாங்க, அங்க ஹாஸ்டல்ல தங்கி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை கடைசி பஸ்ல வருவாங்க, எனக்கு பிஸ்கட் டின்னு, அத்தைக்கு ரெண்டு கெஜம் துணி, மாசக் கடைசில அறுபது வெள்ளி பணம். ஞாயித்துக்கிழமை மதியம் திரும்பிப் போறப்ப என்னை தூங்க வச்சுட்டுதான் போவாங்க. அந்த அம்மாவுக்கு இப்ப எழுவத்திரெண்டு வயசு, உயிரோட இருக்காங்க, நம்ம கோயில் தெருவுலதான் இருக்காங்க, புத்தக வெளியீட்டுக்கு நீங்க கூப்பிட்டு ரெண்டாவது வரிசைல உக்கார வச்சீங்க. அந்தப் புத்தகம் அவங்க மகள அனாதைன்னு சொல்லுது. ஜெர்மன்ல ஹால்ப்வைஸன்னு வார்த்தை இருக்கு, அப்பாவோ அம்மாவோ ஒருத்தர இழந்த புள்ளைக்கு. அரசாங்கம் குடுக்கற பென்ஷன்லயே அந்தப் பேரு இருக்கு. ஒரு ஹால்ப் போட்டிருந்தா எங்க அம்மா உயிரோட இருந்திருப்பாங்க அந்தப் பக்கத்துல.

சின்ன வார்த்தைன்னு எழுதினீங்களே செயலாளர் அம்மா, உங்களுக்குத் தெரியாததா. பொறப்புப் பத்திரத்துல ஒரு எழுத்து மாறிப் போச்சுன்னு நீல ஐசி, அதான் குடிமக்கள் அடையாள அட்டை, கிடைக்காம நாப்பது அம்பது வயசு வரைக்கும் அலையறவங்க நம்ம ஊர்லயே எத்தனை பேரு. கிராணி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ஒருத்தர் காதுல விழுந்த மாதிரி எழுதினாரு, அதோட அந்த ஆளு தலைவிதி முடிஞ்சுது. எழுதினத யாரும் திரும்பப் படிச்சுக் காட்டல. அந்த மாதிரி ஆளுங்களோட பேச்சுதான் இந்தப் புத்தகம். பெரிய தோட்டங்கள துண்டு துண்டா பிரிச்சு வித்த துண்டாடல் காலத்துல நம்ம ஆளுங்க ஒரு துண்டு மண்ணாவது சொந்தமாக்கிக்கணும்னுதான் 1960ல அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் நில நிதிக் கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு, நம்ம ஊர்க்காரர்தான் அவரு. மண்ணுக்காக அவ்வளவு பாடுபட்ட ஊர்லேர்ந்து போற புத்தகத்துல வீடு, ஊரு, குடும்பம்ங்கற மூணு வார்த்தை தப்பா போகக்கூடாது.

இங்கிலீஷ்ல இருந்ததத்தான் போட்டாங்கன்னு சொல்றது பதில் ஆகாது. இங்கிலீஷ் பேசினது நாம, அத்தை பேசினது தமிழ். தமிழ் ஒலிப்பதிவு உங்க அலமாரில பத்திரமா இருக்கு, அதுதான் மூலம். இங்கிலீஷ் நடுவுல ஏறின பஸ்ஸு, அவ்வளவுதான். நான் எழுதின ஹோம்லெஸ் தப்புன்னா நானே திருத்தி எழுதித் தர்றேன், கூலி வேண்டாம்.

நான் கேக்கறது இதுதான். ரெண்டாவது பதிப்பு அச்சுக்குப் போறத உடனே நிறுத்துங்க. அத்தை பக்கத்துல ஒப்டாக்லோஸ எடுத்துட்டு வோனுங்ஸ்லோஸ்னு போடுங்க, சம்பந்தி வீட்டுல பதினாலு மாசம் இருந்தாங்கங்கறத முழுசா எழுதுங்க, மாமா மக வீட்டுல இறந்தார்னு எழுதுங்க. ஹவுஸ்பெசெட்சர எடுத்துட்டு, வெர்க்ஸ்வோனுங்லேர்ந்து வெளியேத்தப்பட்டவங்கன்னு போடுங்க. செத்திங்கான்னு எங்கள சொன்னது யாருன்னும் அந்த இடத்துல சேருங்க. ஹைம்ங்கறது எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் ட்சூஹவுசன்னு மாத்துங்க. தாத்தாவோட தம்பி ஹைமாட்டுக்குத் திரும்பினார்ங்கற வரிய தாத்தாகிட்டயே கேட்டுத் திருத்துங்க, தாத்தாவுக்கு உடம்பு முடியல, இந்த மாசத்துக்குள்ள போங்க. என்னைப் பத்தின வரில வைஸவும் தத்தும் போகணும். எங்க அம்மாகிட்ட குழு சார்பா ஒருத்தர் நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லணும். மொத பதிப்பு எந்தெந்த லைப்ரரிக்குப் போச்சோ அங்க ஒரு திருத்தத் தாள் அனுப்பணும்.

ஜெர்மனில ஈழத் தமிழ்க் குடும்பங்க எவ்வளவோ இருக்கு, ஹாம் ஊர்ல பெரிய அம்மன் கோயிலே கட்டியிருக்காங்க. தமிழும் ஜெர்மனும் ரெண்டும் வீட்டுல பேசி வளந்த புள்ளைங்க அங்க நிறைய. தமிழ் ஒலிப்பதிவ கேட்டுக்கிட்டே ஜெர்மன ஒப்பிட்டுப் பாக்க அவங்கள்ல ஒருத்தர வையுங்கன்னு அந்த ஜெர்மன் குழுவ கேளுங்க. இந்த மடலோட ஜெர்மன் பிரதிய நானும் அவங்களுக்கு அனுப்பிட்டேன். இனிமே எந்த மொழில போட்டாலும் அச்சுக்கு முன்னாடி பேசினவங்ககிட்ட அவங்க பக்கத்த தமிழ்ல திருப்பிப் படிச்சுக் காட்டி, சரின்னு சொன்ன பின்னாடி போடுங்க.

ரெண்டு வாரம் டைம் கேக்கறேன், அதுக்குள்ள எழுத்துல ஒரு பதில் குடுங்க. அத்தை தினமும் அந்தப் பக்கத்த எடுத்து வச்சுக்கிட்டு எப்ப படிப்பேன்னு கேக்கறாங்க.

இப்படிக்கு,
அத்தை வளத்த பொண்ணு,
சுங்கை சிப்புட்